பெரியப்பாவின் எக்ஸ்ரேயும் ஆறு மாசக் கெடுவும்

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது பெரியப்பாவின் டிரங்குப் பெட்டியைக் காலி பண்ணினோம். பட்டா நகல், கூட்டுறவுச் சங்கத்து ரசீதுகள், உரக்கடை பில், கூடவே ஒரு எக்ஸ்ரே ஃபிலிம். அதைச் சுற்றியிருந்த பழுப்புக் கவருக்குள் ஒரு துண்டுச் சீட்டு. அதில் பென்சிலால், '166 – 6 மாதம். 12க்குள் காரணம் காட்டி. எஃப்.ஐ.ஆர்.? பில்?' என்று எழுதியிருந்தது. பெரியப்பா எழுத்து இல்லை. அவர் பார்க்கப் போன வக்கீல் எழுதியது.

எக்ஸ்ரேயைப் பற்றி எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். இந்தச் சீட்டைப் பற்றி யாருக்குமே தெரியாது. அதில் இருக்கிற நாலு வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு தேட ஆரம்பித்ததில் சேர்ந்த குறிப்புகள்தான் இந்தக் கட்டுரை.

முதலில் நடந்ததைச் சொல்லிடறேன். 1992 புரட்டாசி. அந்த வருஷம் ஐப்பசி கடைசியில் தாமிரபரணியில் பெருவெள்ளம் வந்ததால் எங்க பக்கத்தில் யாருக்கும் வருஷம் மறக்காது. கோவில்பட்டிக்கும் திருநெல்வேலிக்கும் நடுவில் கயத்தாறு. இப்போ நாற்கரச் சாலையில் போகிறவர்கள் காற்றாலைகளைப் பார்த்துத்தான் ஊரை அடையாளம் வைத்துக்கொள்கிறார்கள். அப்போ அது ஒத்தை ரோடு. விதைப்புக்கு உளுந்து வாங்கிக்கொண்டு சைக்கிளை உருட்டியபடி ரோட்டைக் கடந்த பெரியப்பாவை மதுரைப் பக்கமிருந்து வந்த ஒரு அம்பாசிடர் கார் தட்டிவிட்டது. இடது காலில் முழங்காலுக்குக் கீழே ரெண்டு எலும்பும் முறிந்துபோனது.

ஓடிப்போகவில்லை அந்தக் கார்க்காரர். அதையும் சொல்லணும். தன் காரிலேயே தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தார். "அண்ணாச்சி, கேஸு கீஸுன்னு போகாண்டாம், ஆகுற செலவ நான் பாத்துக்கிடுதேன்" என்று சொல்லி முந்நூறு ரூபாய் கொடுத்தார். அதற்குப் பிறகு ஆளைக் காணவில்லை. போலீஸில் யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்து மாவுக்கட்டுப் போட்டார்கள். பத்தாம் நாள் ஊர்ப் பெரியவர்கள் பேச்சைக் கேட்டு அதைப் பிரித்துவிட்டு, நாட்டு வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போய் மூங்கில் தப்பை வைத்துக் கட்டினார்கள். முட்டை வெள்ளைக்கரு, உளுத்தம் மாவு, பச்சிலை எண்ணெய். எங்க ஊரில் எலும்பு என்றால் இதுதான் அப்போ முதல் வைத்தியம். ரசீது தருகிற வழக்கமெல்லாம் அங்கே கிடையாது. வெற்றிலை பாக்கில் வைத்துக் கொடுப்பதுதான்.

எட்டு மாசம் படுக்கை. கால் கூடிவிட்டது, ஆனால் ஒரு அங்குலம் குட்டையாக. அந்த வருஷம் விதைப்பு இல்லை. உழவு மாடு ரெண்டும் விற்றுப்போனது. பிறகுதான் யாரோ சொல்லி கோவில்பட்டியில் ஒரு வக்கீலைப் போய்ப் பார்த்திருக்கிறார். "ஆறு மாசத்துக்குள்ள போட்டுருக்கணும்லா அண்ணாச்சி" என்று அவர் சொன்னதாகப் பெரியம்மா சொல்கிறார். அந்தச் சீட்டு அன்றைக்கு எழுதியதாகத்தான் இருக்கணும்.

அந்த ஆறு மாசம் எங்கேயிருந்து வந்தது?

விபத்துக்கு நியாயம் கேட்கிறது என்றதும் நமக்கெல்லாம் ஞாபகம் வருவது மனுநீதிச் சோழன். தேர்க்காலில் கன்று அடிபட்டுச் சாகிறது, பசு மணி அடிக்கிறது, ராஜா மகனையே தேர்க்காலில் இடுகிறார். சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் அவருக்குச் சிலைகூட உண்டு. எனக்கு அந்தக் கதையில் ஒரு சின்ன உறுத்தல், இழந்த பசுவுக்கு அதனால் என்ன கிடைத்தது? கதை என்பதால் கடைசியில் சிவபெருமான் வந்து கன்றையும் எழுப்பிக் கொடுத்துவிடுகிறார். கல்வெட்டுகளில் அப்படி யாரும் வருவதில்லை. சோழர் காலத்தில் வேட்டைக்குப் போன இடத்தில் தவறுதலாக அம்பு பட்டு ஒருவர் இறந்துபோனால், எய்தவன் கோயிலுக்கு நந்தாவிளக்கு எரிக்க ஆடோ பசுவோ விடணும் என்று ஊர்ச்சபை தீர்த்து வைத்ததைச் சொல்லும் கல்வெட்டுகள் பல உண்டு. ஒரு விளக்குக்கு 96 ஆடு என்பது வழக்கமான கணக்கு. பாவம் தீர்ந்தது, விளக்கும் எரிந்தது. செத்தவன் வீட்டில் அடுப்பு எரிந்ததா என்பது அந்தக் கல்லில் இருக்காது.

எலும்புக்கென்றே விலை போட்ட பழைய சட்டம் பாபிலோனில் இருக்கிறது. ஹம்முராபியின் சட்டம், ஏறக்குறைய 3,700 வருஷத்துக்கு முந்தியது. மேல்குடி ஆள் ஒருவனின் எலும்பை முறித்தால் முறித்தவன் எலும்பையும் முறிக்கணும். சாதாரண ஆளின் எலும்பென்றால் ஒரு மினா வெள்ளி. அடிமையின் எலும்பென்றால் அவன் விலையில் பாதி, அதுவும் அவன் எஜமானுக்கு. எலும்பு ஒண்ணுதான், யாருடையது என்பதைப் பொறுத்து விலை. இதை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

நம் சட்டம் இங்கிலாந்து வழி வந்தது. அங்கே 1846-ல் கேம்பெல் பிரபு கொண்டுவந்த சட்டத்தைப் பார்த்து இங்கே 1855-ல் ஒரு சட்டம் போட்டார்கள். அது விபத்தில் செத்தவரின் குடும்பத்துக்கு மட்டும். காலொடிந்து உயிரோடு இருக்கிறவர் சாதாரண சிவில் கோர்ட்டில்தான் போகணும். கேட்கிற தொகைக்கு ஏற்ப கோர்ட் கட்டணம் கட்டி, தப்பு எதிராளி மேல்தான் என்று நிரூபித்து, வருஷக் கணக்கில் அலையணும். ஜெயித்தாலும் கார்க்காரனிடம் காசு இல்லையென்றால் தீர்ப்பு வெறும் காகிதம். 1939-ல் வந்த மோட்டார் வாகனச் சட்டம் அதற்கு ஒரு வழி சொன்னது: வண்டி வைத்திருக்கிறவன் மூன்றாம் நபருக்காகக் கட்டாயம் இன்சூரன்ஸ் எடுக்கணும். அந்த அத்தியாயம் மட்டும் உடனே அமலுக்கு வரவில்லை. போர் முடிந்து 1946 ஜூலை 1-ல்தான் வந்தது.

1956-ல் செய்த திருத்தம்தான் பெரிய திருப்பம். மோட்டார் விபத்துக் கோரிக்கைத் தீர்ப்பாயம் என்று தனியாக ஒண்ணு வந்தது. நம்ம கோர்ட் வளாகங்களில் எம்.சி.ஓ.பி. என்று சொல்கிறார்களே, அந்த மனுவின் பிறப்பு இங்கேதான். சிவில் வழக்கின் இழுபறி இல்லாமல் சீக்கிரம் முடிக்கணும் என்பது நோக்கம். ஆனால் சீக்கிரம் என்பதைச் சட்டம் முதலில் யாரிடம் எதிர்பார்த்தது தெரியுமா? அடிபட்டவனிடம். விபத்து நடந்து 60 நாளைக்குள் மனு போடணும்னு கெடு வைத்தார்கள். முழங்காலுக்குக் கீழே முறிந்த எலும்பு கூட மூணு நாலு மாசம் ஆகும். கட்டுப் பிரிக்கிறதுக்கு முன்னாடியே கெடு முடிந்துவிடும்! 1969 திருத்தத்தில் அதை ஆறு மாசம் ஆக்கினார்கள். தகுந்த காரணம் சொன்னால் அதற்குப் பிறகும் எடுத்துக்கொள்ள தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் இருந்தது.

1988-ல் புதுச் சட்டம், 1989 ஜூலை 1 முதல் அமல். சீட்டில் இருக்கிற 166 இந்தச் சட்டத்தின் பிரிவுதான். அதிலும் ஆறு மாசம். ஆனால் தாமதத்தை மன்னிக்கிற அதிகாரத்துக்கு ஒரு உச்சவரம்பு போட்டார்கள், விபத்து நடந்து பன்னிரண்டு மாசம் வரைதான். சீட்டில் இருக்கிற '12க்குள் காரணம் காட்டி' என்பதன் அர்த்தம் இது. பெரியப்பா போனது எட்டாவது மாசம். அதாவது கதவு முழுசாகச் சாத்தவில்லை, நாலு மாசம் மிச்சம் இருந்தது. ஆனால் எஃப்.ஐ.ஆர். இல்லை, பில் இல்லை, கார் நம்பர் யாருக்கும் ஞாபகம் இல்லை. செலவு பண்ணி கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று திரும்பி வந்துவிட்டார். அந்தச் சமயத்தில் அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

இதற்குப் பிறகு நடந்ததுதான் என்னைத் தூங்கவிடாமல் பண்ணியது. 1994 நவம்பர் 14-ல் இருந்து அந்தக் கெடுவையே எடுத்துவிட்டார்கள். விபத்து நடந்த ஊர் தீர்ப்பாயத்தில்தான் மனு போடணும் என்றிருந்ததும் மாறி, அடிபட்டவர் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம் என்றானது. பம்பாய்க்கும் சூரத்துக்கும் வேலைக்குப் போய் அங்கே அடிபட்ட கரிசல்காட்டுப் பையன்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்க. பழைய விபத்துகள் என்ன ஆகும் என்ற கேள்வி உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1990 டிசம்பரில் நடந்த ஒரு விபத்து, பன்னிரண்டு மாசம் தாண்டி நாலே நாள் தாமதமாகப் போட்ட மனு. 1996-ல் நீதிமன்றம், கெடுவை நீக்கிய பிறகு விபத்து எந்தத் தேதியில் நடந்தது என்று பார்த்து மனுவைத் தள்ளக் கூடாது என்று சொன்னது. பெரியப்பாவின் 1992 விபத்துக்கும் அது பொருந்தியிருக்கும். எங்க தெருவில் அதை யார் வந்து சொல்வார்கள்?

சரி, போட்டிருந்தால் என்ன கிடைத்திருக்கும்?

எலும்பு முறிவைச் சட்டம் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. 1860-ன் இந்திய தண்டனைச் சட்டம் 320-ம் பிரிவில் கொடுங்காயம் எட்டு வகை என்று பட்டியல் போட்டது. அதில் ஏழாவது எலும்போ பல்லோ முறிவது, பிசகுவது. ஆனால் நஷ்ட ஈடு என்று வரும்போது கொடுங்காயத்துக்குக் கிடைத்த காசு கொடுமையாக இருந்தது. தப்பு யார் மேல் என்று பார்க்காமல் கொடுக்கும் தொகை 1982-ல் வந்தது, நிரந்தர ஊனத்துக்கு ரூ. 7,500. கூடிவிட்ட எலும்பு நிரந்தர ஊனமா என்று அங்கேயே வாதம் ஆரம்பிக்கும். 1994-ல் ஒரு அட்டவணை போட்டு, கொடுங்காயத்தின் வலிக்கும் வேதனைக்கும் ரூ. 5,000 என்று வைத்தார்கள். சம்பாத்தியம் இல்லாதவரின் வருமானத்தை வருஷத்துக்கு ரூ. 15,000 என்று வைத்துக்கொள்ளச் சொன்னதும் அதே அட்டவணைதான்.

பெரிய தொகை வருவது இழந்த சம்பாத்தியத்துக்கு. அதற்குத் தெளிவான கணக்கைச் சொன்னது உச்ச நீதிமன்றத்தின் 2010 அக்டோபர் தீர்ப்பு ஒண்ணு. படித்தபோது சிலிர்த்துவிட்டது. 1991 அக்டோபரில் அடிபட்ட ஒரு சீஸ் வியாபாரி. இடது காலில் பெரியப்பாவுக்கு முறிந்த அதே ரெண்டு எலும்பு, கூடவே இடது கையில் ஒண்ணு. டாக்டர் காலுக்கு 45 சதவீத ஊனம் என்று சான்று கொடுத்தார். காலுக்கு 45 என்றால் உடம்பு முழுமைக்கும் 45 ஆகிவிடாது, உடம்பின் ஊனமும் சம்பாத்தியத்தின் இழப்பும் ஒண்ணு கிடையாது என்று நீதிமன்றம் பிரித்துக் காட்டியது. ஒரு கை போனால் டிரைவருக்கும் தச்சருக்கும் பிழைப்பே போய்விடும். ஆபீஸ் கிளார்க் வேலையில் தொடரலாம். ஆகவே ஊனத்தை உடம்பில் பார்க்காதே, அந்த ஆள் செய்கிற வேலையில் வைத்துப் பார் என்றது. அந்த வியாபாரிக்குச் சம்பாத்திய இழப்பு 20 சதவீதம் என்று முடிவு செய்தது. விபத்து நடந்து பத்தொன்பது வருஷம் கழித்து!

இதைப் பெரியப்பாவுக்குப் போட்டுப் பார்ப்போம். அவருக்கு அப்போ வயசு 38. மாச வருமானம் எவ்வளவு? மானாவாரி விவசாயி என்ன சொல்வார், மழை பெய்தால் உண்டு. சம்பளச் சீட்டு இல்லாதவர் சொல்வதை நம்பலாம் என்பதையும் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. 2004-ல் அடிபட்ட கர்நாடகக் கூலித் தொழிலாளி ஒருவர் மாசம் ரூ. 4,500 என்று சொன்னதை 2011-ல் ஏற்றுக்கொண்டது. காய்கறி வியாபாரி ஒருவருக்கு 2014-ல் ரூ. 6,500. கூலிக்காரருக்குச் சொன்ன 4,500-ஐயே பெரியப்பாவுக்கும் வைத்தால் (92-ல் இவ்வளவு வைத்திருக்கவே மாட்டார்கள், சும்மா கணக்குக்காக) வருஷத்துக்கு 54,000. அதில் 20 சதவீதம் 10,800. 36-லிருந்து 40 வயசு வரை பெருக்கும் எண் 15. மொத்தம் ரூ. 1,62,000. இதே எலும்பு, இதே வயசு, ஆனால் மாசம் 45,000 வருமானம் காட்டுகிற கடை முதலாளி என்றால் ரூ. 16,20,000. ஹம்முராபியை ஞாபகம் வச்சுக்கச் சொன்னது இதற்குத்தான்.

தமிழ்நாட்டு கோர்ட்டுகளில் இன்னொரு குறுக்குவழியும் ரொம்ப நாள் ஓடியது, இன்றும் ஓடுகிறது. ஊனத்தின் ஒரு சதவீதத்துக்கு இத்தனை ரூபாய். முதலில் ஆயிரம், பிறகு ரெண்டாயிரம், மூவாயிரம், இப்போ ஐயாயிரம் வரை. மூவாயிரம் வீதம் 20 சதவீதம் என்றால் 60,000. சம்பாத்திய இழப்புக் கணக்கில் வந்த 1,62,000 எங்கே, இது எங்கே? அதனால்தான் இன்சூரன்ஸ் வக்கீல், ஊனச் சான்று கொடுத்த டாக்டரைக் கூண்டில் ஏற்றி அவ்வளவு குடைகிறார். சதவீதத்தில் அடித்துவிட்டால் லாபம்.

சொல்லாமல் விட மனசு வராத ஒரு கிளைக்கதை. பெரியப்பாவை அடித்தது கார், அதனால் இன்சூரன்ஸ் பேச்சு. அரசு பஸ்ஸாக இருந்திருந்தால் கதையே வேறு. அரசுப் போக்குவரத்துக் கழகங்களுக்குச் சட்டம் இன்சூரன்ஸிலிருந்து விலக்கு அளிக்க இடம் கொடுக்கிறது, தாங்களே நிதி வைத்துக்கொள்ளணும். அந்தப் பணம் ஒழுங்காக வராதபோதுதான் 'அரசு பஸ் ஜப்தி' என்ற செய்தி நம்ம பேப்பரில் வருகிறது. நிறைவேற்று மனு போட்டு, அமீனா பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, பயணிகளை இறக்கிவிட்டு, பஸ்ஸைக் கோர்ட் வாசலில் கொண்டுவந்து நிறுத்துவார். எங்க பக்கத்துக் கழகத்துக்கு 1974-லிருந்து 1997 வரை கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகம் என்று பெயர். 1799 அக்டோபர் 16-ல் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட ஊர் கயத்தாறு. அந்த ஊர்க்காரர்கள் விபத்து மனுவில் எதிர்மனுதாரர் இடத்தில் அவர் பெயரையே எழுத வேண்டியிருந்தது. 97-ல் தலைவர்கள் பெயரை வைத்து வந்த சாதிக் கலவரத்துக்குப் பிறகு எல்லாக் கழகங்களின் பெயரையும் அரசு எடுத்துவிட்டது.

இப்போ நிலைமை என்ன? 2019-ல் செய்த திருத்தம் 2022 ஏப்ரல் 1-ல் அமலுக்கு வந்தது. நல்லது சிலது உண்டு. தப்பு யார் மேல் என்று நிரூபிக்காமலே கொடுங்காயத்துக்கு ரெண்டரை லட்சம் கேட்கலாம். சட்ட வாசகப்படி எலும்பு முறிவும் அதில் அடங்கும். அடித்துவிட்டு ஓடிய வண்டி தெரியவில்லை என்றால் கொடுங்காயத்துக்கு 50,000. போலீஸ் தயாரிக்கும் விரிவான விபத்து அறிக்கையையே தீர்ப்பாயம் மனுவாக எடுத்துக்கொள்ளலாம். முதல் 48 மணி நேர சிகிச்சைக்குத் தமிழ்நாடு அரசின் திட்டம் 2021 டிசம்பரிலிருந்து இருக்கிறது. நாட்டு வைத்தியருக்கு முன்னால் ஆஸ்பத்திரிக்குப் போகிற பழக்கமும், கூடவே காயச் சான்றும் பில்லும் சேர்கிறதும் இதனால் கூடியிருக்கிறது.

ஆனால் அந்த ஆறு மாசம் திரும்பி வந்துவிட்டது. 1994-ல் போனது 2022-ல் வந்துவிட்டது, இந்தத் தடவை காரணம் சொல்லி மன்னிப்புக் கேட்கிற வாசகம்கூட இல்லாமல். அதை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்தில் இருக்கின்றன. அவை முடியும்வரை ஆறு மாசம் தாண்டியது என்பதற்காக எந்த மனுவையும் தள்ளக் கூடாது என்று 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவு போட்டார்கள். இடைக்காலம்தான். இதைப் படிக்கிற யார் வீட்டிலாவது கட்டோடு ஒருத்தர் படுத்திருந்தால், எலும்பு கூடட்டும்னு காத்திருக்காதீங்க. எஃப்.ஐ.ஆர். நகல், ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டு நகல், எக்ஸ்ரே மூணையும் ஒரு கவரில் போட்டு இந்த வாரமே வக்கீலைப் பாருங்க.

எக்ஸ்ரே எங்க வீட்டில் எல்லாருக்கும் தெரியும்னு சொன்னேனே. 1995 அக்டோபர் 24-ல் சூரிய கிரகணம். தெருப் பிள்ளைகள் பார்க்கணும்னு அடம் பிடித்தோம். பெரியப்பா நொண்டியபடி உள்ளே போய் அந்த ஃபிலிமை எடுத்துக்கொண்டு வந்தார். (எக்ஸ்ரே ஃபிலிம் வழியாகக் கிரகணம் பார்க்கக் கூடாது, கண் போய்விடும். அன்றைக்கு யாருக்குத் தெரியும்.) வரிசையில் நின்று ஆளுக்குக் கொஞ்ச நேரம் பார்த்தோம். என் முறை வந்தபோது அவரே தூக்கிப் பிடித்துக் காட்டினார். முறிந்த ரெண்டு எலும்புக்கு நடுவில் சூரியன் பிறை மாதிரி தெரிந்தது. கெடு நீங்கி அப்போ பதினோரு மாசம் ஆகியிருந்தது.